காதலரைக் காட்டிக்கொடுக்கும் 30 நாள்

திருப்பதியின் பல்கலைக்கழகங்களும் கடைகளும் விடுதிகளும் ஊர்விட்டு வந்த இளைஞர்களை அருகருகே கொண்டுவந்து சேர்க்கின்றன. பேருந்து நிறுத்தத்தில் தொடங்கும் பழக்கம் காதலாகக் கனிவது இயல்பே. ஊர் திரும்பும்போதுதான் சாதி வழிமறிக்கிறது. 2019 ஜூனில் சித்தூர் மாவட்டம் பலமநேர் அருகே, தலித் இளைஞரை மணந்த இளம்பெண் கொல்லப்பட்டார். குழந்தை பிறந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. வழக்கு அவருடைய குடும்பத்தார் மீதே பதிவானது. இதைக் ‘கௌரவக் கொலை’ என்றெழுத ஏடுகளுக்கு எப்படித்தான் கை வருகிறதோ!

1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் சாதி, மதம் கடந்து மணம்புரிய வழி தருகிறது. ஆனால் 30 நாள் முன்னறிவிப்பை அலுவலகத்தில் பகிரங்கமாக ஒட்டச் சொல்வதும் அதே சட்டம்தான். திருப்பதியில் மனுச் செய்தாலும், நிலையான முகவரி சித்தூர் என்றால் சித்தூர் அலுவலகத்திலும் அது ஒட்டப்படும். தேடி அலைவோருக்கு இதைவிட வேறென்ன துப்பு வேண்டும்?

சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணிநேர உதவி எண்ணும் அமைக்க உத்தரவிட்டது. பலமநேர் கொலை அதற்கு 15 மாதங்களுக்குப் பின் நடந்தது. சட்ட ஆணையம் 2012இலேயே மசோதா வரைவு கொடுத்தும் நாடு தழுவிய தனிச்சட்டம் வரவில்லை. ஒன்றிய அரசு அச்சட்டத்தை இயற்ற வேண்டும். முன்னறிவிப்பு விதியை நீக்க வேண்டும். ஆந்திர அரசு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தனிப்பிரிவின் உதவி எண்ணை இரு மாவட்டங்களின் கல்லூரி வாயில்களிலும் பேருந்து நிலையங்களிலும் உடனே எழுதி வைக்கட்டும்.