படகோட்ட லைசென்ஸ் வேண்டுமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை கரியாஹாட் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வசித்துவரும் மூதாட்டி ஒருவர் என்னைக் கண்டு நின்றார். அவர் முகத்தில் கவலை குடிகொண்டிருந்தது.

"நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர். இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள். என் பேரன் ஏரியில் படகு வலிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறான். அப்புறம் பாய்மரப் படகும் கற்பானாம். ஸ்கூட்டர் ஓட்டினால்கூட லைசென்ஸ் எங்கே என்று போலீஸ்காரர் கேட்கிறார். தண்ணீரில் படகு விடுவதற்கு ஒரு சீட்டும் வேண்டாமா?"

"வேண்டாம் என்று நான் சொன்னால் பேரனை அனுப்பிவிடுவீர்களா, மாமி?"

"மாட்டேன். வேண்டும் என்று சொல்லி, அவனும் அதை வாங்கிக்கொண்டு வந்தால், அப்போது யோசிப்பேன்."

மாமியின் கேள்வி நியாயமானது. நம் குடும்பங்களில் பலருக்கும் இவ்வையம் உண்டு. ஆகவே இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்ளலாம் என எண்ணினேன்.

முதலில் சட்டம் என்ன கூறுகிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் 1958ஆம் ஆண்டில் வணிகக் கப்பற் சட்டம் இயற்றப்பட்டபோது, பாய்மரக் கலத்தை நடத்துபவனுக்கு அச்சட்டம் சூட்டிய பெயர் நம் தமிழ்க் கரையோரத்தார் நன்கறிந்த 'தண்டல்' என்பதே. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்தில் அச்சொல் 'டிண்டல்' என்று இடம்பெற்றது. துடுப்புப் படகும் ஓடமுங்கூடப் பாய்மரக் கலம் என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று விளக்கிய அச்சட்டம், உல்லாசப் படகை மட்டும் அவ்விளக்கத்திலிருந்து விலக்கியது. சரக்கேற்றிப் பிழைக்கும் தோணிக்கு ஒரு நியாயம், பொழுதுபோக்குக்காகப் பாய் விரிப்பவனுக்கு வேறொரு நியாயம் என்று அன்றே பிரித்து வைத்தார்கள்.

ஆறு, ஏரி, கால்வாய்களுக்கு உரியது உள்நாட்டுக் கலங்கள் சட்டம். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2021இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. எந்திர விசையால் ஓடும் கலம் என்றால் பதிவு வேண்டும். தகுதி ஆய்வு வேண்டும். அதனை நடத்தும் மாஸ்டர், செராங், எஞ்சின் டிரைவர் ஆகியோருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். எந்திரமில்லாத கலங்களை இச்சட்டம் தனியாகப் பிரித்து, இலகுவான முறையில் நடத்துகிறது. ஆகவே, ஏரியில் துடுப்புப் பிடிக்கும் மாணவனிடம் கப்பல் தலைவருக்குரிய சான்றிதழை எவரும் கேட்பதில்லை. அவன் சேரும் சங்கம் தன் விதிகளை அவனுக்கு விதிக்கும், அவ்வளவே.

வெளிநாடுகளிலும் பெரும்பாலும் இந்நிலைதான். பிரிட்டனில் தன் சொந்தச் சிறு பாய்மரப் படகில் உல்லாசமாகக் கடலில் செல்பவனுக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் அவனே ஐரோப்பியக் கண்டத்து நீர்வழிகளுக்குச் சென்றால், பல இடங்களில் சர்வதேசத் தகுதிச் சான்றிதழைக் கேட்பார்கள். சிங்கப்பூரில் எந்திரம் பொருத்திய உல்லாசப் படகை ஓட்ட லைசென்ஸ் அவசியம். அமெரிக்காவில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றினால் கடலோரக் காவற்படையின் லைசென்ஸ் வேண்டும். பயணிகளை ஏற்றிச்செல்லும் பாய்மரக் கப்பலின் தலைவராயின், பாய் செலுத்தும் தகுதியும் அந்த லைசென்ஸில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தன் மனைவி மக்களுடன் தன் படகில் உலாவுபவனை மத்திய அரசு அவ்வாறு கேட்பதில்லை. மாநிலங்கள் சில பாதுகாப்புப் பாடம் படித்து வரச்சொல்லும். பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்கும் குடும்பத்தினர் இவ்வேறுபாடுகளை அறிந்திருப்பது நலம்.

இவ்விதிகளின் அடியில் ஓடும் காரணம் ஒன்றே. பிறர் உயிரைக் கூலிக்கு ஏற்றுக்கொள்பவனிடமும், விசையை முடுக்கி விரைபவனிடமும் அரசு சான்று கேட்கிறது. தன் உயிரை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு செல்பவனைப் பெரும்பாலும் அவன் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறது. முதற்கூறியதன் அவசியத்தை 2023ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி கேரளத்துத் தானூரில் நிகழ்ந்த விபத்து நமக்கு உணர்த்திற்று. மீன்பிடி படகொன்றை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். கட்டணம் கொடுத்துப் படகில் ஏறும்போது, ஓட்டுபவரின் சான்றிதழையும் படகின் பதிவையும் கேட்டறிய நமக்கு உரிமையுண்டு. கூச்சப்பட்டுப் பேசாமல் ஏறிவிடுவது நம் வழக்கம். அந்தக் கூச்சத்தை விட்டொழிக்க வேண்டும்.

சரி, சான்றிதழ் இருந்துவிட்டால் போதுமா? நம் நகரத்தின் ஹூக்ளி நதியே இதற்கு விடை கூறும். உலகத்துக் கடல்களையெல்லாம் கடந்து, உயர்ந்த சான்றிதழ்களைப் பெட்டியில் வைத்திருக்கும் கப்பல் தலைவரும் கொல்கத்தாவுக்கு வரும்போது, நதிமுகத்தில் ஒரு பைலட்டை ஏற்றிக்கொண்டே ஆக வேண்டும். மணல் மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் நதி இது. தாமோதர், ரூப்நாராயண் ஆறுகள் வந்து கலக்கும் பகுதியில் 'ஜேம்ஸ் அண்டு மேரி' என்ற மணல் திட்டு உண்டு. 1694இல் அங்கே மூழ்கிய கப்பலின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கடலை அறிந்தவர் இந்த நதியையும் அறிந்தவராக வேண்டும் என்பதில்லை. சான்றிதழ் ஒருவர் கற்றதைச் சொல்லும்; இன்று, இந்த இடத்தில், இந்தத் தண்ணீர் எப்படியிருக்கிறது என்பதை அது சொல்லாது.

நம் வீட்டுக்கு அருகிலுள்ள ஏரிக்கு வருகிறேன். 1920களில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்ட் வெட்டிய தாக்குரியா ஏரி, 1958இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றம் பெற்றது. 73 ஏக்கர் நீர்ப்பரப்பு. அதன் கரையில் 1858இல் தோன்றிய கல்கத்தா ரோயிங் கிளப், 1929இல் தோன்றிய பெங்கால் ரோயிங் கிளப், 1932இல் தோன்றிய லேக் கிளப் ஆகியவை இருக்கின்றன. காலை நடைக்குச் செல்லும் நம்மவர்கள், நீண்டு மெலிந்த படகுகள் நீரைக் கிழித்துக்கொண்டு செல்வதைக் கண்டு களித்திருப்பார்கள். அலையில்லாத நீர், கரை எப்பக்கமும் கண்ணுக்குத் தெரியும். இங்கே என்ன அபாயம் வந்துவிடும் என்றே நானும் எண்ணியிருந்தேன்.

2022ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி, சனிக்கிழமை மாலை. கால்பைசாகிப் புயல் கரியாஹாட்டைத் தாக்கியது. எங்கள் வீட்டு ஜன்னற் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. மாடியில் உலர்த்தியிருந்த துணிகளில் பாதி அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. துணிகளைத் தேடி நாங்கள் அலைந்துகொண்டிருந்த அந்த வேளையில், ஏரியில் போட்டிக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்த மாணவர்களின் படகு கவிழ்ந்திருந்தது. இருவர் உயிரிழந்தனர். விரைந்து சென்று காப்பாற்றும் மீட்புப் படகு அவ்வேளையில் அருகில் இல்லாதது பின்னர் பெரிதும் பேசப்பட்டது. சில காலம் பயிற்சி நிறுத்தப்பட்டு, பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்ட பின்னரே படகுகள் மீண்டும் நீரில் இறங்கின.

அச்சிறுவர்களிடம் ஒரு சான்றிதழ் இருந்திருந்தால் புயல் திரும்பிப் போயிருக்குமா? போயிராது. வானம் கறுத்ததும் 'இன்று வேண்டாம்' என்று கரையில் நின்று தடுக்கும் ஒருவரும், தடுத்தும் தவறு நேர்ந்துவிட்டால் ஓடிவரும் ஒரு படகும், மிதக்க வைக்கும் ஓர் உயிர்காப்புச் சட்டையுமே அங்கே வேண்டியவை. சட்டம் சீட்டுக் கேட்காத இடத்தில் இம்மூன்றையும் கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்களாகிய நாமே. 'லைசென்ஸ் வேண்டாம்' என்பதை 'ஒன்றுமே வேண்டாம்' என்று பொருள் கொள்வதுதான் பெரும் பிழை.

இதனால் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடலாகாது என்பது என் அபிப்பிராயமன்று. 1969இல் ஜார்ஜ் ஆல்பர்ட் டியூக்கும் பினாகி ரஞ்சன் சட்டர்ஜியும் இந்நகரிலிருந்து துடுப்புப் படகிலேயே அந்தமானை அடைந்தார்கள். சென்னையில் வளர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக்ஸ் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக 2021இல் டோக்கியோ சென்றார். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவுடன் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29ஆம் தேதி திரும்பினார். இவ்விருவருக்கும் துணையாக நின்றது ஆண்டுக்கணக்கான பயிற்சி. புறப்படும் நாள் வரை அவர்கள் கற்றுக்கொண்டே இருந்தார்கள்.

ஆகவே மாமிக்கும், மாமியைப் போன்ற மற்றவர்களுக்கும் நான் கூறுவது இது. பையனுக்கு முதலில் நீந்தத் தெரிய வேண்டும். உடுத்த துணியோடு நீரில் விழுந்தாலும் பதறாமல் மிதக்கத் தெரிய வேண்டும். சங்கத்தில் சேர்க்கும் நாளன்று நீங்களே நேரில் சென்று நான்கு கேள்விகள் கேளுங்கள். உயிர்காப்புச் சட்டை உண்டா? பயிற்சி நேரம் முழுவதும் மீட்புப் படகு தயாராக நிற்குமா? வானிலை அறிவிப்பைப் பார்ப்பவர் யார்? பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? நான்குக்கும் தெளிவான விடை கிடைத்தால் மனம் தேறி அனுப்புங்கள். ஒன்றுக்கேனும் மழுப்பலான விடை வந்தால், பையனின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். சித்திரை, வைகாசி மாத மாலைகளில், வடமேற்கே மேகம் திரண்டால் எந்தச் சமாதானத்தையும் ஏற்க வேண்டாம்.

மறு நாள் மாலை மாமி வீட்டுக்குச் சென்று இவற்றைக் கூறினேன். பையனும் உடனிருந்தான். "தாத்தா, லைசென்ஸ் வேண்டாம் என்றுதானே முடிவு?" என்று மகிழ்ச்சியோடு கேட்டான்.

மாமி முந்திக்கொண்டார். "அரசாங்கத்துக்கு வேண்டாமடா. எனக்கு வேண்டும். முதலில் நீச்சல் கற்றுக்கொண்டு வா. அதை என் கண்ணால் பார்த்துவிட்டு, நான் எழுதித் தருகிறேன் உன் லைசென்ஸை."

பையன் இந்த வாரம் நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். ஏரிச் சங்கத்தில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளையும் மாமி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்.