வீடா, விளையாட்டுத் திடலா?

விம்பிள்டன் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது டென்னிஸ்தான். வெள்ளை உடையும் பச்சைப் புல்தரையும் கண்முன் தோன்றும். ஆனால் இலண்டன் மாநகரின் அந்தப் பகுதியில் ஒரு கால்பந்தாட்டக் கழகமும் உண்டு என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அக்கழகத்தின் மைதானம் குடியிருப்பாக மாறிய வரலாற்றையும், அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதத் துணிகிறேன். "பெண்பிள்ளைக்குக் கால்பந்து எதற்கு?" என்று கேட்கும் பாட்டிமார்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது பந்தைவிட நிலத்தைப் பற்றிய விஷயம்.

1889-ஆம் ஆண்டில் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் கூடித் தொடங்கிய கழகம் அது. முதலில் ஊர்ப் பொதுவெளியில் ஆடினார்கள். 1912-இல் பிளவ் லேன் என்ற தெருவில் அவர்களுக்கென ஒரு மைதானம் அமைந்தது. 1963-ஆம் ஆண்டு, ஊதியம் பெறாத ஆட்டக்காரர்களுக்கான கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சட்டன் யுனைடெட் அணியை 4-2 என்ற கணக்கில் வென்றார்கள். நான்கு கோல்களையும் அடித்தவர் எடி ரெனால்ட்ஸ் என்ற ஒருவரே. அதுவும் நான்கையும் தலையால் முட்டி அடித்தார்! இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழியரே. பின்னால் மறுபடியும் வரும்.

1977-இல் பெரிய கழகங்களின் கூட்டமைப்பில் இடம் கிடைத்தது. ஒன்பதே ஆண்டுகளில் முதற்பிரிவுக்கு ஏறினார்கள். 1988-இல் யாரும் எதிர்பாராத விதமாக, பலம் மிகுந்த லிவர்பூல் அணியை 1-0 என வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையையே கைப்பற்றினார்கள். அன்று லிவர்பூலுக்குக் கிடைத்த பெனால்டியை அவர்களுடைய கோல் காப்பாளர் டேவ் பெசன்ட் தடுத்துவிட்டார்.

இவ்வளவு புகழ் வந்தும், புகழுக்கு ஏற்ற மைதானம் இல்லை. 1989-இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசலில் 97 உயிர்கள் பலியாயின. அதன்பின் பெரிய மைதானங்களில் அனைவரும் அமர்ந்தே பார்க்கவேண்டும் என்ற விதி வந்தது. அந்த விதியை யாரால் குறை சொல்ல முடியும்? ஆயினும் பிளவ் லேனை அதற்கேற்ப மாற்ற இயலாது என்று கருதிய நிர்வாகம், 1991-இல் வேறொரு கழகத்தின் மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. சிறிது காலத்துக்குத்தான் என்றார்கள். வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் "சிறிது காலம்" எப்படிப்பட்டது என்று தெரியும். 1998-இல் பழைய மைதானம் ஓர் அங்காடி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2002-இல் இடிக்கப்பட்டது. பிறகு அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ரெனால்ட்ஸ் வாயில்'! கோல் போட்ட இடம் போய்விட்டது. போட்டவர் பெயர் மட்டும் மதிலில் நிற்கிறது.

இதை நான் வீட்டில் சொன்னபோது என் தந்தை, "தலைக்குமேல் கூரை இல்லாதவனுக்கு மைதானம் எதற்கம்மா? குடியிருக்க வீடு கட்டியதைத் தவறென்று சொல்லாதே" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இலண்டனில் வீட்டுப் பஞ்சம் உண்மை. ஞாயிறு தவறாமல் பந்து பார்ப்பவனுடைய ஆசையையும், பிள்ளைகளோடு ஓரறையில் அடைந்து கிடக்கும் தாயின் தேவையையும் தராசில் வைத்தால், எந்தத் தட்டு தாழும் என்பதில் ஐயமில்லை. நானும் தாயின் பக்கமே நிற்பேன்.

ஆனால் அங்கே யாரும் அப்படித் தராசு பிடிக்கவில்லை என்பதுதான் என் வாதம். மைதானத்தை விற்கலாமா என்று, அறுபது எழுபது ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக அங்கே வந்து நின்றவர்களைக் கேட்டு எவரும் முடிவு செய்யவில்லை. பத்திரம் யார் பெயரில் இருந்ததோ அவர் விற்றார். சட்டப்படி அது சரி. மைதானம் போனபின் கழகமும் நிலைக்கவில்லை. 2002 மே 28 அன்று, மூவர் குழு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், கழகம் ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குப் போகலாம் என்று தீர்ப்பளித்தது. விம்பிள்டனில் புதிதாக ஒரு கழகம் தொடங்குவது கால்பந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததன்று என்றும் அறிக்கையில் எழுதிவிட்டார்கள்.

ரசிகர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுச் செய்த காரியம் என்னை வியக்க வைக்கிறது. ஒரே மாதத்தில், அதே ஊர்ப் பொதுவெளியில், விருப்பமுள்ள யாவரும் வரலாம் என்று அறிவித்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 230 பேர் வந்தார்கள். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பிறந்தது. முதல் ஆட்டம் பழைய சட்டன் யுனைடெட் அணியுடன். 0-4 என்று தோற்றார்கள். தோற்றாலென்ன? பார்க்க வந்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேல்! ஒன்பதாம் படியில் தொடங்கி, ஒன்பது பருவங்களில் ஐந்து முறை படியேறி, 2011-இல் மீண்டும் பெரிய கழகங்களின் கூட்டமைப்புக்குள் நுழைந்தார்கள். இம்முறை கழகத்தின் பெரும்பான்மை உரிமை ரசிகர்களின் அமைப்பிடமே இருந்தது.

பின்னர் பழைய இடத்திலிருந்து சுமார் 250 கஜ தூரத்தில், அதே பிளவ் லேன் தெருவில், புதிய மைதானம் கட்டினார்கள். அப்பா இதைக் கேட்க வேண்டும்: அதே திட்டத்தில், மைதானத்தை ஒட்டியே ஏறத்தாழ 600 வீடுகளும் கட்டப்பட்டன! பணம் போதாமற்போனபோது, 2020-இல் ரசிகர்களும் மற்றவர்களும் கடன் பத்திரம் வாங்கி ஐம்பது இலட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். வீடும் வந்தது, திடலும் வந்தது. முன்பு வீடு கட்ட மைதானம் மறைந்தது. பிறகு வீட்டோடு சேர்ந்தே மைதானம் எழுந்தது. நடுவில் மாறியது ஒன்றுதான். கையெழுத்துப் போடும் பேனா ரசிகர்கள் கைக்கு வந்திருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். புதிய மைதானம் எழுந்த நிலம் வெற்று நிலமன்று. 1928 முதல் அங்கே வேட்டை நாய்ப் பந்தயம் நடந்து வந்தது. 2017 மார்ச்சில் கடைசிப் பந்தயம் ஓடியது. நாய்ப் பந்தயத்தில் எனக்கு மதிப்பில்லை. என்றாலும் அன்றிரவு வீடு திரும்பிய முதியவர்களின் மனநிலை, 1991-இல் பிளவ் லேனை விட்டுப் போனவர்களின் மனநிலைக்குக் குறைந்ததாக இருந்திருக்குமா? அவர்களிடம் எந்தப் பேனாவும் இல்லை. இதற்கு என்னிடம் நல்ல பதிலும் இல்லை.

2020 நவம்பர் 3-ஆம் நாள் புதிய மைதானத்தில் முதல் ஆட்டம் நடந்தது. டான்காஸ்டர் ரோவர்ஸுடன் 2-2 சமன். கொரோனாக் காலமாகையால் உள்ளே ஒரு ரசிகருக்கும் அனுமதியில்லை. கட்டியவர்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். இப்போது ரெனால்ட்ஸ் வாயிலில் குடியிருக்கும் பிள்ளைகள், ஆட்டம் தொடங்குமுன் சில நிமிடம் நடந்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.