முப்புரிக் கயிறும் ஒரு டப்பா பவுடரும்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருக்கும் என் அத்தைக்கு வயது 76. மாடிப்படியைக் கண்டாலே அவள் முழங்கால்கள் இரண்டும் சத்தியாக்கிரகம் செய்கின்றன. ஆனால் ஒரு பிரார்த்தனை பாக்கி. பேத்திக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் மலைக்கோட்டை ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பார்ப்பதாக வேண்டிக்கொண்டுவிட்டாள். (வைஷ்ணவ வீட்டில் பிள்ளையாரா என்று கேட்காதீர்கள். தும்பிக்கையாழ்வார் என்று பெயர் சூட்டி எப்போதோ சேர்த்துக்கொண்டாயிற்று.) கொள்ளுப்பேரனுக்கு இப்போது இரண்டு பல் முளைத்துவிட்டது. பிள்ளையார் காத்திருக்கிறார்.

போன மாதம் பார்க்கப் போனபோது, அலமாரியில் திருமண் பெட்டிக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு டப்பா. கொலாஜன் பவுடர். மூட்டுக்கு உறுதி, தோலுக்கு இளமை. விலை இரண்டாயிரத்துச் சொச்சம், அத்தையின் பென்ஷனிலிருந்து.

"கார்த்தால வெந்நீர்ல ஒரு ஸ்பூன் கரைச்சு சாப்பிடறேன். பதினோரு நாளாச்சு. கொஞ்சம் தேவலை போலத்தான் இருக்குடா" என்றாள்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் 'மரைன் சோர்ஸ்'. பக்கத்தில் பழுப்பு முத்திரை. அத்தை வெங்காயம் கூடச் சேர்க்காதவள். எகாதசிக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவள். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, காபி நன்றாக இருக்கிறது என்றேன்.

சொல்வதா, வேண்டாமா? அதை முடிவு செய்வதற்குள் கொஞ்சம் ரசாயனம் பேசிவிடலாம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

உத்தர வீதியிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம் போனால் திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களில் தண்ணீருக்கு உண்டானது. ஜம்புகேஸ்வரர் சன்னிதியில் எப்போதும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். இந்த ஊரில்தான் 1888 நவம்பர் 7-ம் தேதி சி.வி. ராமன் பிறந்தார். பிற்பாடு கடல் ஏன் நீலம் என்று கேட்டுக் கிளம்பி, நோபல் பரிசில் போய் நின்றார். தண்ணீர் அப்படிப்பட்ட சமாசாரம். சாதுவாக இருக்கும், கேள்வி கேட்க ஆரம்பித்தால் விடாது.

ஒரு ஆக்ஸிஜன், இரண்டு ஹைட்ரஜன். இது எல்லோருக்கும் தெரியும். மூன்றும் நேர்க்கோட்டில் நிற்பதில்லை, 104.5 டிகிரியில் வளைந்து நிற்கின்றன. ஆக்ஸிஜன் கொஞ்சம் பேராசை பிடித்தது. பங்குக்கு வந்த எலெக்ட்ரான்களைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பக்கம் லேசாக நெகடிவ், ஹைட்ரஜன்கள் பக்கம் லேசாக பாஸிடிவ். இந்த மூலக்கூறின் ஹைட்ரஜனை அடுத்த மூலக்கூறின் ஆக்ஸிஜன் கை நீட்டிப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர்.

நோஞ்சான் பிணைப்புதான். மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் நிஜப் பிணைப்பில் இருபதில் ஒரு பங்கு பலம்கூடத் தேறாது. ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம் பிடித்திருக்கும், விட்டுவிடும், அடுத்ததைப் பிடிக்கும். வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும்போது கூட்டத்தில் மாட்டியிருக்கிறீர்களா? யார் கையை யார் பிடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மொத்தக் கூட்டமும் ஒரே உடம்பாக நகரும்.

இந்தக் கை கோத்தல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பாருங்கள், அழுகிய முட்டை நாற்றம். ஆக்ஸிஜன் இடத்தில் கந்தகம், மற்றபடி தண்ணீருக்குப் பெரியப்பா பிள்ளை. எடையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனாலும் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. இவ்வளவு லேசான தண்ணீர் 100 டிகிரி வரை தாக்குப்பிடிப்பது அந்த நோஞ்சான் கைகளால்தான். அவை இல்லையென்றால் காவிரியும் கிடையாது, கொள்ளிடமும் கிடையாது, நடுவில் தீவாக ஸ்ரீரங்கமும் கிடையாது.

நம் உடம்பும் இதே நோஞ்சான் கைகளை நம்பித்தான் இருக்கிறது. புரதம், டி.என்.ஏ., மாவுச்சத்து எல்லாமே நீளநீளமான சங்கிலிகள். சங்கிலியின் கண்ணிகள் உறுதியானவை. ஆனால் அதைச் சுருட்டி, மடித்து, ஒரு வடிவத்தில் நிறுத்தி வைப்பதில் ஹைட்ரஜன் பிணைப்புக்குப் பெரிய பங்கு. வேஷ்டிக்குப் போட்ட கஞ்சி மொடமொடவென்று நிற்பது இதனால். இஸ்திரி போடுமுன் தண்ணீர் தெளிக்கிறார்களே, தண்ணீர் உள்ளே புகுந்து பழைய பிடிகளை விடுவித்துவிடும். சூட்டில் உலரும்போது துணி தட்டையாகப் புதுப் பிடி போட்டுக்கொள்ளும். ஈரத் தலையைப் பின்னி, காய்ந்ததும் அவிழ்த்தால் கூந்தல் அலை அலையாக வருவதும் இதே ரசாயனம்தான்.

இப்போது டப்பாவுக்கு வருவோம்.

மலைக்கோட்டைத் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் லூர்து மாதா கோயில் கோபுரம் தெரியும். அதை ஒட்டி செயின்ட் ஜோசப்ஸ் காலேஜ். 1940-ஐ ஒட்டிய வருஷங்களில் அங்கே ஒரு பையன் பிசிக்ஸ் ஆனர்ஸ் படித்தான். பெயர் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்துப் பிறப்பு. பிறகு பெங்களூர் இன்ஸ்டிட்யூட்டில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் சேர்ந்தவரை, திருவானைக்காவல்காரரான ராமன் தன்னுடைய பிசிக்ஸ் துறைக்கு இழுத்துக்கொண்டார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக பிசிக்ஸ் துறைக்குத் தலைவரானபோது ராமச்சந்திரனுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

அந்த வருஷம் சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். நம் உடம்புப் புரதத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், மூட்டு என்று எல்லா இடத்திலும் இருப்பது. ஆனால் உருவம் தெரியாது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வேலையை ஆரம்பித்தார்கள். பக்கத்திலேயே அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதி. கடைசியில் நல்ல எக்ஸ்ரே படம் கொடுத்தது ஒரு கங்காருவின் வால்!

1954-ல் விடையை 'நேச்சர்' பத்திரிகையில் போட்டார்கள். மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட முப்புரிக் கயிறு. அடுத்த வருஷமே அதைத் திருத்தி, முறுக்கின் மேல் முறுக்கு வைத்தார்கள். கயிறு திரிப்பவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். ஒன்று பிரியப் பார்த்தால் இன்னொன்று இறுகும். கொலாஜனும் அப்படித்தான். தனிச் சங்கிலி இடது முறுக்கு, மூன்றும் சேர்ந்தது வலது முறுக்கு. சித்திரைத் தேருக்கு வடம் திரிக்கும் சூட்சுமம் முழங்காலுக்குள் முன்பே இருந்திருக்கிறது.

சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் க்ளைஸீன் என்ற அமினோ அமிலம்தான் வர வேண்டும். இருப்பதிலேயே சின்னது அதுதான். கயிற்றின் உள்பக்கம் வேறு எதற்கும் இடம் கிடையாது. ஆயிரம் மணி கோத்த சங்கிலியில் ஒரே ஒரு க்ளைஸீன் மாறிப்போய், குழந்தை தொட்டால் எலும்பு முறிகிற நோயோடு பிறப்பதுண்டு. மூன்று புரிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது, சொல்லவே வேண்டாம், நம் ஹைட்ரஜன் பிணைப்பு.

மேல்நாட்டில் சிலர் குறை சொன்னார்கள், அணுக்கள் ரொம்ப நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன என்று. எவ்வளவுதான் நெருங்கலாம் என்று பார்த்துவிடலாமே என்று ராமச்சந்திரன் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1963-ல் சசிசேகரன், ராமகிருஷ்ணன் என்ற இருவருடன் சேர்ந்து வெளியிட்ட அந்தப் படம் இன்று உலகம் பூராவும் 'ராமச்சந்திரன் ப்ளாட்'. புரதத்தின் வடிவத்தை யார் கண்டுபிடித்தாலும், கம்ப்யூட்டரே கண்டுபிடித்தாலும், இந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். நோபல் கிடைக்கவில்லை. 2001-ல் காலமானார்.

கயிற்றைக் கொதிக்க வைத்தால் நோஞ்சான் கைகள் விட்டுவிடும், புரி பிரிந்துவிடும். அதுதான் ஜெலட்டின். தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரமும் அதுதான். மாத்திரைக் கடையில் விற்கும் முக்கால்வாசி கேப்ஸ்யூல் உறையும் அதுதான். (இதை அத்தையிடம் நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு அதிர்ச்சி போதும்.) பிரிந்த புரியையும் துண்டு துண்டாக நறுக்கினால் டப்பா பவுடர். செடி கொடிகள் கொலாஜன் செய்வதில்லை. ஆகவே மாடு, பன்றி, இல்லாவிட்டால் மீன்.

மறுநாள் மனசு கேட்கவில்லை. திரும்பிப் போனேன்.

"அத்தே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அந்தப் பவுடர் மீன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "என்ன மீன்?" என்றாள்.

"கடல் மீன். அதோட தோல், செதில்."

ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஆறுதல் ரசாயனம்தான். "வயித்துக்குள்ள போனா அது கொலாஜனா நேரே முழங்காலுக்குப் போகாது, அத்தே. ஜீரணம் ஆகி அமினோ அமிலமா, குட்டித் துண்டா உதிர்ந்து போயிடும். அமினோ அமிலத்துக்கு ஊர், பேர், கோத்ரம் எதுவும் கிடையாது. மீன்லேர்ந்து வந்த க்ளைஸீனும் துவரம்பருப்புலேர்ந்து வந்த க்ளைஸீனும் ஒண்ணேதான். தேவைன்னா உடம்பே கயிறு திரிச்சுக்கும். அதுக்கு வைட்டமின் சி வேணும், நெல்லிக்காய் சாப்பிட்டா ஆச்சு."

யோசித்தாள். "அப்படின்னா பருப்பே போதுமேடா. அதுக்கு எதுக்கு ரெண்டாயிரம்?"

பவுடரால் வலி கொஞ்சம் குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது பவுடர் விற்பவர்கள்தான். இதையெல்லாம் அவளிடம் விளக்க எனக்குத் தெம்பில்லை.

"ஆனா பதினோரு நாளா தேவலையா இருந்துதே?"

"அந்தப் பதினோரு நாளும் வேற என்ன பண்ணினேள்?"

"டப்பாவோட ஒரு நோட்டீஸ் இருந்தது. தினம் நடக்கணும், நாற்காலில உக்காந்து காலை நீட்டி மடக்கணும்னு. பண்ணினேன்."

அதுதான் விஷயம். மூட்டில் இருக்கும் குருத்தெலும்பில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் சர்க்கரை ஒட்டிய புரதங்கள் ஒரு பக்கம், அவை உப்பி வெடித்துவிடாமல் வலை மாதிரி கட்டியிருக்கும் கொலாஜன் கயிறு ஒரு பக்கம். மலைக்கோட்டைப் படியில் ஒருவர் எடையைத் தாங்குவது இந்தத் தண்ணீர்தான். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. காலை ஊன்றும்போது தண்ணீர் வெளியே பிழியப்படுகிறது, எடுக்கும்போது சத்தோடு உள்ளே வருகிறது. நடந்தால்தான் அதற்குச் சாப்பாடு. தொடைத் தசைக்குப் பலம் வந்தால் முட்டியின் பாரமும் குறையும். தேய்ந்தது திரும்பி வளராது, ஆனால் மிச்சத்தை வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ணலாம். அத்தையின் டாக்டரும் இதைத்தான் சொல்லியிருந்தாராம். ஃபீஸ் குறைவாக வாங்கியதால் அவர் பேச்சுக்கு மதிப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மண்டபத்துக்கு நடந்தே கிளம்பினாள், பையில் டப்பாவோடு. காவிரியில் நல்ல தண்ணீர். எதிர்க்கரையில் மலைக்கோட்டை. படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, டப்பாவைக் கவிழ்த்தாள். பவுடர் கொஞ்சம் மிதந்து, கட்டி தட்டி, பிறகு கரைந்து போயிற்று.

"மீனோடது மீனுக்கே போகட்டும்" என்றாள்.

மீன்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அத்தை எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயுமானவர் சன்னிதி பாதி தூரம் இருக்குமோடா?"

"பாதிக்கு மேலேயே இருக்கும் அத்தே."

"அடுத்த வாரம் அதுவரைக்கும் போவோம். மிச்சத்துக்கு மார்கழி வரைக்கும் டைம் கேட்டுக்கறேன்."