துப்பாக்கியில் டார்ச்: லூமென் முக்கியமா, சுவிட்ச் முக்கியமா?

அமெரிக்க போலீஸாரின் பாடி கேமரா வீடியோக்களைப் பார்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். இருட்டில் நீளும் பிஸ்டலின் குழலுக்குக் கீழே ஒரு குட்டி டார்ச் எரியும். ‘வெப்பன் லைட்’ என்பது அதன் பெயர். அங்கே இது போலீஸுக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. வீட்டுப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் சாதாரண மக்களும் வாங்கி மாட்டுகிறார்கள்.

கடையில் முதலில் கண்ணில் படுவது பெட்டி மேல் இருக்கும் எண்தான். 500 லூமென், 1,000 லூமென், 1,500 லூமென். மெகாபிக்சல் பார்த்து போன் வாங்கிய கதை மாதிரி, பலரும் அந்த எண்ணைப் பார்த்தே பணத்தைக் கட்டுகிறார்கள். இந்தப் பொருளில் அது தப்பான தொடக்கம். லூமென் குறைந்தால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சுவிட்ச் சரியில்லை என்றால் ஒரு உயிரே போகலாம்.

எதற்கு இந்த லைட்?

நள்ளிரவு 2 மணிக்கு ஹாலில் ஏதோ சத்தம். திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா? இருட்டில் தெரியாது. ‘யார் என்று தெரியாமல் சுடாதே’ என்பது துப்பாக்கிப் பயிற்சியின் அடிப்படை விதிகளில் ஒன்று. அதற்குத்தான் வெளிச்சம். கையில் தனி டார்ச் பிடித்தால் துப்பாக்கியை ஒரே கையில் பிடிக்க வேண்டும். துப்பாக்கியிலேயே டார்ச் இருந்தால் இரண்டு கையாலும் உறுதியாகப் பிடிக்கலாம். இதன் உண்மையான லாபம் இதுதான்.

லூமென் சரி, கேண்டெலா என்றால்?

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். கேண்டெலா என்பது அந்த வெளிச்சம் ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்பதன் அளவு. தோட்டத்துக் குழாய் நினைவிருக்கும்ல? தண்ணீர் ஒன்றுதான். வாயை விரலால் அழுத்தினால் தூரம் பாயும், விட்டால் காலடியிலேயே கொட்டும்.

இந்தச் சந்தையில் பெரிய பெயர்களில் ஒன்றான ஷ்யூர்ஃபயரின் இரண்டு மாடல்களை வைத்தே பார்க்கலாம். எக்ஸ்300 அல்ட்ரா 1,000 லூமென், 11,300 கேண்டெலா. எக்ஸ்300 டர்போ 650 லூமென்தான், ஆனால் 66,000 கேண்டெலா. லூமென் குறைவான டர்போதான் அதிக தூரம் பாயும். போட்டி நிறுவனமான ஸ்ட்ரீம்லைட்டின் டிஎல்ஆர்-1 ஹெச்எல் 1,000 லூமென், 20,000 கேண்டெலா. நடுவாந்திரம்.

வீட்டுக்குள் பெரும்பாலும் 5 முதல் 10 மீட்டர் தூரம்தான் இருக்கும். அங்கே மூன்றுமே தாராளம். குறுகலான கூர்மையான ஒளியைவிட, அறை முழுக்கப் பரவும் ஒளிதான் உதவும். எதிரில் நிற்பவரின் முகம் மட்டும் தெரிந்தால் போதாது, கையில் என்ன இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி தன் கண்ணையே கூச வைக்கும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். திறந்தவெளியிலோ வாகன சோதனையிலோ நிற்கும் போலீஸ்காரருக்கு மட்டும் கேண்டெலா கணக்கு மாறும்.

இன்னொரு விஷயம். டார்ச்களை அளக்கும் அன்சி எஃப்எல்1 தர முறைப்படி, பெட்டியில் போடும் லூமென் என்பது லைட்டைப் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் எடுக்கும் அளவு. அதன்பின் சூடு ஏற ஏற, பேட்டரி இறங்க இறங்க வெளிச்சம் குறையலாம்.

உயிர்ப் பிரச்சினை எங்கே இருக்கிறது?

சுவிட்ச்சில். பெரும்பாலான நல்ல லைட்களில் சுவிட்ச் பின்பக்கம், டிரிக்கர் கார்டுக்கு முன்னால் இரண்டு பக்கமும் இருக்கும். துணைக் கையின் கட்டைவிரலால் தட்டினால் எரியும். டிரிக்கரை இழுக்கும் கைக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொரு வகையில், துப்பாக்கியின் கைப்பிடியில் ஒரு அழுத்து சுவிட்ச் இருக்கும். பிடியை இறுக்கினாலே லைட் எரியும். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பதற்றத்தில் மனிதக் கை ஒவ்வொரு விரலாகத் தனித்தனியே இயங்காது. ஒரு விரல் இறுகினால் பக்கத்து விரலும் சேர்ந்து இறுகும். அந்தப் பக்கத்து விரல் டிரிக்கரில் இருந்தால்?

இது கற்பனை பயம் இல்லை. 2010-ல் டெக்சாஸின் பிளேனோ நகரில், கைது நடவடிக்கை ஒன்றின்போது போலீஸ் அதிகாரியின் துப்பாக்கி வெடித்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். லைட்டைப் போட நினைத்தபோது டிரிக்கர் அழுந்திவிட்டது என்பதுதான் அந்த அதிகாரி தந்த விளக்கம். இதுபோன்ற சம்பவங்களை ‘டென்வர் போஸ்ட்’ நாளிதழ் 2014-ல் விரிவாக எழுதியது.

‘டிரிக்கரில் விரல் வைத்தது அவர் தப்பு, லைட் என்ன செய்யும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சிப் பிழை என்பது உண்மைதான். ஆனால் பயிற்சி பெற்ற போலீஸுக்கே பதற்றத்தில் விரல் தடுமாறும் என்றால், வருடத்துக்கு இரண்டு முறை பயிற்சிக்குப் போகும் ஒரு வீட்டுக்காரருக்கு அந்த சுவிட்ச் வேண்டவே வேண்டாம். சுடும் கை சுட மட்டும், லைட் போட இன்னொரு கை. வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் அம்சம் இதுதான்.

லைட் போகும் இடத்துக்குக் குழலும் போகும்

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பிரபலப்படுத்திய நான்கு பாதுகாப்பு விதிகளில் ஒன்று: அழிக்கத் தயாராக இல்லாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே. வெப்பன் லைட்டால் தேடினால் இந்த விதி உடைகிறது. லைட் மகன் முகத்தில் பட்டால், குழலும் அவன் முகத்துக்கு நேரேதான் இருக்கும்.

பயிற்சியாளர்கள் சொல்லும் வழி, துப்பாக்கியைத் தரையை நோக்கித் தாழ்த்திப் பிடித்து, சிதறும் ஒளியில் பார்ப்பது. நல்ல லைட்டுக்குப் பரவலான ஒளி வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம். ஆனால் இதைவிட எளிய வழி, கட்டில் பக்கத்தில் ஒரு சாதாரண கை டார்ச். தேடுவதற்கு அது, கடைசி நிமிடத்துக்கு இது. கை டார்ச் இல்லாத வீட்டில் 300 டாலர் வெப்பன் லைட் இருப்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது.

வேறு என்ன பார்க்கணும்?

* அளவு: கிளாக் 17 போன்ற முழு அளவு பிஸ்டலில் லைட் மாட்டும் ரெயில் நீளமாக இருக்கும். இரண்டு சிஆர்123ஏ பேட்டரி போடும் பெரிய லைட்டே நன்றாகப் பொருந்தும். சின்ன துப்பாக்கிக்கான ஒற்றை பேட்டரி மாடலுக்கு இறங்கத் தேவையில்லை.

* உறுதி: ஒவ்வொரு முறை சுடும்போதும் லைட் அதிரும். மலிவு மாடல்களில் பேட்டரி இணைப்பு விலகி லைட் அணைந்துவிடும். பொம்மைத் துப்பாக்கி விளையாட்டுக்காக வரும் பிராண்டு நகல்கள் பார்க்க அசல் மாதிரியே இருக்கும், ஜாக்கிரதை. தண்ணீர் தாங்க ஐபிஎக்ஸ்7 இருந்தால் போதும். 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம்.

* உறை: லைட் மாட்டினால் பழைய உறை உதவாது. அந்தத் துப்பாக்கிக்கும் அந்த லைட்டுக்கும் சேர்த்தே செய்த உறை வேண்டும். லைட் நுழைய வாய் அகலமாக இருப்பதால், டிரிக்கர் பக்கம் இடைவெளி விழுகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில் விரலோ சட்டை நுனியோ நுழையக் கூடாது.

* விலை: டிஎல்ஆர்-1 ஹெச்எல் சுமார் 150 டாலர். எக்ஸ்300 வரிசை சுமார் 300 டாலரும் அதற்கு மேலும். வீட்டு உபயோகத்துக்கு முதலாவதே போதும். மிச்சப் பணத்தை இருட்டில் சுடும் பயிற்சி வகுப்புக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் சட்டம் அனுமதிப்பதில்லை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறு.

சட்டப்படி வாங்க முடிந்தவர்கள் கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துவிட்டு, கடைக்காரர் காட்டும் பாதுகாப்பான திசையில் பிடித்து, டிரிக்கர் விரலை வெளியே நேராக நீட்டியபடியே லைட்டைப் பத்து முறை போட்டு அணைத்துப் பார்க்கலாம். பத்து முறையும் அந்த விரல் அசையாமல் இருந்தால், அதன்பின் லூமெனைப் பற்றிப் பேசலாம்.