கிராபிக்ஸ் காட் வாங்க முன்: விஆர் விமானமும் மல்டித்ரெடிங்கும்



பதிவு கொஞ்சம் நீளம். விமான சிமுலேட்டர் ஓட்டும் தம்பிமாருக்கும், அதற்குக் காசு கொடுக்கும் வாப்பா உம்மாமாருக்கும், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் நானாமாருக்கும் சேர்த்தே எழுதுகிறோம். ஆறுதலாக வாசியுங்கள்.

நமது பிள்ளைகளில் சிலர் டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டரில் ஆர்வமாக இருக்கிறார்கள். எஃப்-16, எஃப்-18 போன்ற விமானங்களின் ஒவ்வொரு சுவிட்சையும் உண்மையில் இருப்பது போலவே போட்டு, எடுத்து, பறக்க வேண்டிய விளையாட்டு அது. விஆர் ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் கொக்பிட்டுக்குள்ளேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். போர் விளையாட்டு நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அதை இன்னொரு நாள் பேசுவோம். இன்று காசைப் பற்றியும் அறிவைப் பற்றியும் மட்டும் பேசுவோம்.

நம்மிடம் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சேர், விஆரில் படம் விக்குது. எந்தக் கிராபிக்ஸ் காட் வாங்க?"

நமது பதிலும் ஒன்றுதான். காட் வாங்க முன், உங்கள் கணினிக்குள் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காத்திருப்பது காட் என்றால், எவ்வளவு பெரிய காட் வாங்கிப் போட்டாலும் அதுவும் சும்மா காத்துக்கொண்டுதான் இருக்கும்.

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் யாரும் மறக்கவில்லை. இறக்குமதியாகும் ஒவ்வொரு கணினிப் பாகத்தின் விலையும் டொலரைப் பொறுத்தே அமைகிறது. லட்சக்கணக்கில் போகும் காசு சரியான இடத்துக்குப் போக வேண்டாமா?

முதலில் 11.1 என்ற எண்ணை விளங்கிக்கொள்வோம்.

90 ஹேர்ட்ஸ் ஹெட்செட் ஒரு செக்கனுக்கு 90 படங்களைக் கேட்கிறது. அப்படியென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 11.1 மில்லிசெக்கன். அதற்குள் விமானத்தின் பௌதிகக் கணக்கு, எதிரி விமானங்களின் மூளை, ஏவுகணைகளின் பாதை, ராடார், தரையில் நிற்கும் வாகனங்கள் எல்லாம் கணிக்கப்பட வேண்டும். பிறகு எதை வரைய வேண்டும் என்ற பட்டியலை ப்ரொசெசர் தயாரித்து கிராபிக்ஸ் காட்டிடம் கொடுக்க வேண்டும். விஆரில் இடக்கண்ணுக்கு ஒரு காட்சி, வலக்கண்ணுக்கு ஒரு காட்சி. எனவே மொனிட்டருக்கு வரைவதை விட வேலை கூட, தவணை கடுமை.

சாதாரண மொனிட்டரில் ஒரு படம் 15 மில்லிசெக்கனில் வந்தால் நமக்குப் பெரிதாகத் தெரியாது. விஆரில் அப்படியில்லை. தலையைத் திருப்புகிறோம், படம் திரும்பப் பிந்துகிறது. காது சொல்வது ஒன்று, கண் சொல்வது ஒன்று. உடம்பு அதை ஏற்காது. தலை சுற்றும், குமட்டும். தவணை தவறும்போது ஹெட்செட்டின் மென்பொருள் படத்தை 45 ஆகப் பாதியாக்கி, இடையில் தானே ஊகித்த படங்களைச் சொருகும். அதனால்தான் ஹெலிகொப்டர் விசிறியும், பக்கத்தில் வேகமாகக் கடக்கும் விமானமும் நெளிந்து தெரிகின்றன. வானில் சண்டை பிடிப்பவன் பார்க்க வேண்டியதே அந்தக் கடக்கும் விமானத்தைத்தான்.

சரி, ப்ரொசெசரில் 8 கோர் இருக்கிறதே, ஏன் முடியவில்லை?

அதற்கு விளையாட்டின் வயதைப் பார்க்க வேண்டும். டிசிஎஸ்ஸைச் செய்யும் ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்தின் சிமுலேட்டர் வரிசை 1995 இல் எஸ்யு-27 ஃபிளாங்கருடன் தொடங்கியது. 2003 இல் லொக் ஒன், 2008 இல் டிசிஎஸ் பிளாக் ஷார்க் என்று அது வளர்ந்தது. வீட்டுக் கணினிகளுக்கு இரண்டு கோர் ப்ரொசெசர் வந்ததே 2005 இல்தான். ஒரே ஆள் எல்லா வேலையும் பார்க்கும் காலத்தில் போட்ட அத்திவாரத்தின் மேல்தான் மாடி மாடியாகக் கட்டினார்கள். ஒலிக்கு ஒரு த்ரெட் தனியாக இருந்தது. மற்ற வேலைகளின் பெரும் பங்கு ஒரே த்ரெட்டில் கிடந்தது.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. 8 கோரில் ஒன்று முழுதாக நிரம்பி மூச்சுத் திணறினாலும், மொத்தக் கணக்கில் அது 12.5 சதவீதம்தான். டாஸ்க் மெனேஜரில் அதைப் பார்க்கும் பிள்ளை, "ப்ரொசெசர் சும்மாதான் இருக்கு, பிழை காட்டில்தான்" என்று முடிவெடுத்துவிடுகிறான். அங்கேதான் நானாவின் ஒரு மாதச் சம்பளம் போகிறது.

2023 மார்ச்சில் ஈகிள் டைனமிக்ஸ் மல்டித்ரெடிங் பதிப்பை முன்னோட்டமாக வெளியிட்டது. விளையாட்டின் கணக்கு வேலையை ஒரு த்ரெட்டுக்கும், வரைதலுக்கான தயாரிப்பை இன்னொரு த்ரெட்டுக்கும் பிரித்தார்கள். சிறு வேலைகளை மற்றக் கோர்களுக்குப் பகிர்ந்தார்கள். இது காசில்லாத ஒரு அப்டேட். ப்ரொசெசரில் சிக்கியிருந்த கணினிகளில், குறிப்பாக விஆரில், படம் கண்ணுக்குத் தெரியுமளவு சீரானது. புதிதாக ஒரு திருகாணிகூட வாங்காமல் கிடைத்த முன்னேற்றம் அது.

நமது கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். ஒரே சமையற்காரர் வெங்காயம் வெட்டி, இறைச்சி கழுவி, சோறு போட்டு, சஹனும் வைக்க வேண்டுமென்றால் என்ன நடக்கும்? பரிமாற எட்டுப் பேர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களை இன்னும் பலசாலிகளாக மாற்றினால் சாப்பாடு விரைவில் வருமா? வராது. ஒருவர் சமைக்க, ஒருவர் சஹன் நிரப்ப, மற்றவர்கள் வெட்டிக் கழுவிக் கொடுத்தால்தான் பந்தி நகரும். மல்டித்ரெடிங் செய்தது அதைத்தான்.

ஆனால் எத்தனை பேர் நின்றாலும் சோறு வேக எடுக்கும் நேரம் எடுக்கத்தான் செய்யும். கணினியிலும் இதே விதி உண்டு. 1967 இல் ஜீன் அம்தால் என்ற கணினிப் பொறியியலாளர் இதை எடுத்துச் சொன்னார். பகிர முடியாத பகுதிதான் கடைசியில் வேகத்தைத் தீர்மானிக்கும்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு படத்துக்கு ப்ரொசெசர் வேலை 20 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். அதில் 8 ஐப் பகிர முடியாது, 12 ஐப் பகிரலாம். 8 கோருக்குப் பகிர்ந்தால் 12 என்பது 1.5 ஆகும். மொத்தம் 9.5. தவணை 11.1. தப்பிவிட்டோம்.

இப்போது பகிர முடியாத பகுதி 10 என்று வைப்போம். 8 கோருக்குப் பகிர்ந்தால் 10 உடன் 1.25 சேர்ந்து 11.25. தவணை தவறிவிட்டது! 16 கோர் வாங்கினால்? 10.6. தப்பித்தோம், ஆனால் மயிரிழையில். கோர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி நாம் பெற்றது ஒரு மில்லிசெக்கனை விடக் குறைவு. நிஜத்தில் த்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் நேரமும் சேருவதால் கணக்கு இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

அதனால்தான் "கூடக் கோர் வாங்கு" என்பதும் முழுமையான பதில் இல்லை. 2022 இல் வந்த ஏஎம்டி 5800 எக்ஸ்3டி ப்ரொசெசரில் இருப்பது 8 கோர்தான். ஆனால் 96 எம்பி எல்3 கேஷ் இருப்பதால் சிமுலேட்டர் ஓட்டுபவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். பகிர முடியாத அந்த ஒரு த்ரெட்டை வேகமாக முடித்துக் கொடுப்பதுதான் அதன் பலம். மறுபக்கம், 2021 முதல் இன்டெல் ப்ரொசெசர்களில் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை வருகின்றன. முக்கியமான த்ரெட் தவறிச் சிறிய கோரில் போய் உட்கார்ந்தால், 16 கோர் இருந்தும் படம் விக்கும்.

மல்டித்ரெடிங் தீர்க்காதவையும் உண்டு. அதிக ரெசலூஷன் ஹெட்செட்டும் நடுத்தரக் காட்டும் இருந்தால் அங்கே உண்மையிலேயே காட்தான் திணறுகிறது. ப்ரொசெசர் வேலையை எத்தனை பேருக்குப் பிரித்தாலும் அங்கே மாற்றம் குறைவு. அப்படியானவர்களுக்கு 2023 ஒக்டோபரில் 2.9 பதிப்புடன் வந்த டிஎல்எஸ்எஸ் போன்ற வசதிகள் உதவும். அவை காட்டின் சுமையைக் குறைப்பவை. ப்ரொசெசரில் சிக்கியவருக்கு அவை பெரிதாக உதவா. மருந்து நல்ல மருந்துதான், ஆனால் நோய் வேறு.

எனவே தம்பிமாரே, கடைக்குப் போக முன் வீட்டிலேயே இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். காசு செலவில்லை.

1. விளையாட்டுக்குள் வலது கண்ட்ரோலும் போஸ் பட்டனும் அழுத்துங்கள். ஃப்ரேம் எண்ணிக்கையோடு, தடை ப்ரொசெசரிலா காட்டிலா என்று விளையாட்டே காட்டும். ப்ரொசெசர் என்றால் பிரதான த்ரெட்டா, வரைதல் த்ரெட்டா என்றும் சொல்லும்.

2. ஹெட்செட்டின் ரெசலூஷனை நன்றாகக் குறைத்து, அதே இடத்தில் பறந்து பாருங்கள். ஃப்ரேம் ஏறினால் தடை காட்டில். ஏறாவிட்டால் ப்ரொசெசரில்.

3. கடலுக்கு மேல் தனியாகப் பறந்து பாருங்கள். பிறகு நூற்றுக்கணக்கான வாகனங்கள் உள்ள மிஷனில் பறந்து பாருங்கள். முதலாவது சீராகவும் இரண்டாவது விக்கியும் இருந்தால், சுமை பெரும்பாலும் பிரதான த்ரெட்டில். மிஷனைச் சிறிதாக்குங்கள்.

4. கொக்பிட் கண்ணாடிகளை நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாடியும், இலக்குப் பார்க்கும் கமெராத் திரையும் காட்சியை இன்னொரு முறை வரையச் சொல்பவை.

5. ரெம் நிரம்புகிறதா என்று பாருங்கள். 16 ஜிபி நிரம்பி வழிந்தால், விக்கலுக்குக் காரணம் ப்ரொசெசரும் இல்லை, காட்டும் இல்லை.

6. சராசரி ஃப்ரேமை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சராசரி 80 இருந்தாலும், அடிக்கடி 40 க்கு விழுந்தால் உங்கள் தலை சுற்றுவது அந்த 40 இல்தான்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை காட் கேட்டால் "இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், "சரி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இந்த ஆறையும் செய்து எழுதிக் கொண்டு வா, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். எழுதிக் கொண்டு வந்தால் அவன் ஒரு பரிசோதனையே செய்து முடித்துவிட்டான். ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து, முடிவைக் குறித்தெடுப்பதைத்தான் விஞ்ஞான பாடத்தில் நாம் வருடக் கணக்கில் சொல்லிக் கொடுக்கிறோம். பரீட்சைக்கு எழுதும்போது வராத விளக்கம், தன் சொந்த விமானம் விக்கும்போது வந்துவிடும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் வேலை இருக்கிறது. த்ரெட் என்றால் என்ன, கோர் என்றால் என்ன என்று வரைவிலக்கணம் மனனம் செய்ய வைக்கிறோம். அந்த வரைவிலக்கணத்துக்கும் பிள்ளையின் தலையில் மாட்டிய ஹெட்செட்டுக்கும் உள்ள தொடர்பைச் சொன்னால் பாடம் உயிர் பெறும். விளையாட்டை விரட்டுவதை விட, விளையாட்டின் உள்ளே இருக்கும் பாடத்தைப் பிடிப்பது நல்லது என்பது நமது கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் மரியாதையாகச் சொல்லுங்கள், கேட்போம்.

ஒரு நிறுவனம் பல வருடக் கட்டடத்தைப் பிரித்து வேலையைப் பகிர்ந்தபோது, பாவனையாளர் பலருக்குப் புதுப் பாகம் எதுவும் தேவைப்படவில்லை. நம்மிடம் இருப்பதையே சரியாகப் பயன்படுத்தினோமா என்று முதலில் பார்ப்போம். அதன் பிறகும் காட்தான் தேவை என்று சோதனை சொன்னால், தாராளமாக வாங்குங்கள். அப்போது அது வீண் செலவில்லை.

சோதனை செய்த தம்பிமார், உங்கள் ப்ரொசெசர், காட், ஹெட்செட், கிடைத்த முடிவு நான்கையும் கீழே கொமெண்டில் எழுதுங்கள். ஒருவருடைய முடிவு இன்னொருவருடைய காசைக் காப்பாற்றும். காட் வாங்க யோசிக்கும் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.