கணினி தொகுத்த தொடக்க ஏடு நம் மாணவர்களுக்குத் தேவையா?



பள்ளிகளுக்கிடையிலான சதுரங்கப் போட்டி நெருங்கினால், ஜோர்ஜ்டவுன் பெற்றோர் சிலர் என்னிடம் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். "ஐயா, தொடக்க நகர்வுகளைக் கணினியில் தொகுத்துக் கொடுங்கள், பிள்ளை மனனம் செய்துகொள்வான்." கேட்பதில் தவறில்லை. எனினும், ஆரம்பப்பள்ளி மாணவனுக்கு அந்த ஏடு வேண்டாம் என்பதே என் கருத்து.

அந்த ஏடு எப்படி உருவாகிறது? வல்லுநர்கள் ஆடிய இலட்சக்கணக்கான ஆட்டங்களை மென்பொருள் படிக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் எந்த நகர்வு எத்தனை முறை ஆடப்பட்டது, முடிவு என்ன என்று எண்ணுகிறது. 'பாலிகிளாட்' என்னும் இலவச மென்பொருள் வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி எனக் கூட்டி நகர்வுகளுக்கு மதிப்பிடுகிறது. அவ்வளவுதான். ஒரு நகர்வு ஏன் நல்லது என்பது அந்தக் கணக்கில் இல்லை. இருபது ஆண்டுகள் வென்ற நகர்வுக்கு நேற்று ஒருவர் முறியடிப்பு கண்டுபிடித்திருந்தாலும், பழைய வெற்றிகளின் பலத்தில் அது முதலிடத்திலேயே நிற்கும்.

1997 மே மாதம் காஸ்பரோவை 3.5–2.5 என வென்ற ஐபிஎம் நிறுவனத்தின் 'டீப் புளூ' கணினியை எண்ணிப் பாருங்கள். அதற்கு இரண்டு ஏடுகள் இருந்தன. ஏறக்குறைய 4,000 நிலைகள் கொண்ட சிறிய ஏட்டைக் கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமினும் அவருடைய குழுவினரும் கைப்படத் தயாரித்தனர். மற்றொன்று, 700,000 ஆட்டங்களிலிருந்து தானியங்கியாகத் தொகுக்கப்பட்டது. அந்தப் பெரிய தொகுப்பைக் கணினி பெரும்பாலும் ஒரு குறிப்பாகவே கொண்டது; அதன் பிறகும் தானே கணக்கிட்டுப் பார்த்தது. இயந்திரமே அப்படிச் செய்தபோது, நம் பிள்ளையை மட்டும் சிந்திக்காமல் ஒப்பிக்கச் சொல்லலாமா?

நடைமுறைச் சிக்கலும் உண்டு. அந்த ஏடு வல்லுநர்களின் ஆட்டம். எதிரே அமரும் நான்காம் ஆண்டு மாணவனோ இரண்டாவது நகர்விலேயே ஓரத்துச் சிப்பாயைத் தள்ளுவான். ஏடு அங்கேயே முடிந்துவிடும். மனனம் செய்த பிள்ளை திகைத்து ஆசிரியர் முகத்தைப் பார்க்கும்! யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது; ஆனால் மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து, தலைப்பு சற்று மாறியதும் பேனாவைக் கீழே வைக்கும் பழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. இதுவும் அதே நோய்தான்.

சென்னையின் குகேஷ், தம் 18-ஆவது வயதில், 2024 டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக வெற்றியாளரானார். தொடக்க காலத்தில் அவரைக் கணினிப் பகுப்பாய்விலிருந்து விலக்கியே வைத்திருந்ததாக அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா கூறியிருக்கிறார். பின்னாளில் குகேஷும் கணினியை நன்றாகவே பயன்படுத்தினார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டத்தை முடிவு செய்த கடைசி ஆட்டத்தில், டிங்கின் பிழை 55-ஆவது நகர்வில்தான் வந்தது. அவ்வளவு தூரம் எந்தத் தொடக்க ஏடும் துணைக்கு வராது.

"மற்றப் பள்ளிப் பிள்ளைகள் ஏட்டோடு வருகிறார்களே, நம் பிள்ளை நான்கே நகர்வில் தோற்றால் மனம் உடைந்துவிடாதா?" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான அச்சம். அந்த நான்கு நகர்வு வலையைத் தடுக்க அரை மணி நேரப் பாடம் போதும். இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, தரவரிசைப் போட்டிகளில் ஆடத் தொடங்கிய மாணவனுக்குக் கணினி ஏடு பயன்படும். அதை நானே பரிந்துரைப்பேன்.

அதுவரை ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பிள்ளை தான் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் அதில் எழுதட்டும். எந்த நகர்வில் தடுமாறினான் என்பதைச் சிவப்பு மையில் குறிக்கட்டும். முப்பது ஆட்டங்கள் சேர்ந்த பிறகு என்னிடம் கொண்டு வாருங்கள். அப்போது கணினியைத் திறந்து, அவன் குறித்த இடங்களை மட்டும் சேர்ந்து பார்ப்போம்.