சாம்பியன் ஆனாலும் காட்ட மாட்டீங்களா?

நம்மூர் கால்பந்து கிளப்னு கேட்டா வண்டலூர்ப் பசங்க சென்னையின் எஃப்.சி.யோட நிறுத்திக்குவாங்க. அவங்களைச் சொல்லி என்ன பண்ண? ஐ-லீக்கை எங்க காட்டுனாங்க?

2018 டிசம்பர்ல, சீசன் நடுவுலயே, மிச்ச ஆட்டங்கள்ல பலதை ஒளிபரப்ப மாட்டோம்னு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் கைவிரிச்சது. அதே சீசன்லதாங்க சென்னை சிட்டி எஃப்.சி. 2019 மார்ச் 9 அன்னிக்கு கோவையில மினர்வா பஞ்சாபை 3-1னு சாய்ச்சு சாம்பியன் ஆச்சு. பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல்!

பார்க்க ஆளில்லையாம். காட்டினாத்தானே சாமி பார்ப்போம்?

டிவிக்கு செலவு ஜாஸ்தி, சரி. ரேடியோவுக்கு என்ன கேடு? உள்ளூர் விளையாட்டுக்கு நேரடி வர்ணனை தர தனியார் எஃப்.எம்.களுக்கு 2011 விதிமுறையிலயே இடம் இருக்கு. ஒரு மைக், விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள். தாம்பரம் ரயில்ல காதுல மாட்டிக்கிட்டு கேட்க நாங்க ரெடி. காலையில பாடுன அதே பாட்டை சாயங்காலமும் போடறதுக்கு, சின்ன கிளப்புக்கு வாரம் ரெண்டு மணி நேரம் ஒதுக்கலாமே?